பேச்சியம்மாள் வெட்டிய பட்டை

பேச்சியம்மாள் போய்விட்டார் என்ற செய்தி என் போனுக்கு ஒரு ரோஜாப்பூ படத்தோடு வந்தது. "நம் அன்புத் தாய் மறைந்தார்" என்று மலையேற்றக் குழுவின் வாட்ஸப்பில் செக்ரட்டரி போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். மூன்று மாதம் அவர் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது, கூப்பிய இந்தக் கைகளில் ஒன்றுகூட ஒரு பிளாஸ்க் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. உயிரோடு இருந்தவரை இவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தாய் அல்ல, "கத்திரி". அந்தப் பெயர் வரக் காரணமே நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையாள மண்ணில் போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளின குடும்பம். பிழைப்புக்கு இறங்கி வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்றுக்கடையில் வேலைக்கு நின்று, அங்கிருந்து குழுவின் சாமான் அறைக்கு வந்தவர். கயிறு, கொக்கி, ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டை எல்லாம் அவர் பொறுப்பு.

என் பெண் நித்யா, பனிமலை ஏறும் பயிற்சிக்கு இமயமலைக்குப் போயே தீருவேன் என்றாள். "எங்கே வேணும்னாலும் போ. உன்னைக் கட்டற பட்டையை நான் பார்க்காம அனுப்ப மாட்டேன்" என்றேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட, உடன் வரும் காகிதத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பேன். ஹார்னஸைப் பற்றியும் அப்படிப் படித்துவிட்டுத்தான் போனேன். சாமான் அறையில் காலை வைத்ததும் நாற்றம். ஊரார் இடுப்பிலும் தொடையிலும் ஏறி இறங்கின பட்டைகள் ஆணிகளில் தொங்கின. மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, இருப்பதிலேயே தடிமனாக மெத்தை வைத்த ஒன்றைக் காட்டினேன்.

"இதுதான் பலமாயிருக்கு."

"அது பாறையில மணிக்கணக்கா தொங்கறவங்களுக்கு மாமி" என்றார் பேச்சியம்மாள். "மெத்தை சுகத்துக்கு. பலம் நாடாவிலயும் தையல்லயும் இருக்கு. பனியில இந்த மெத்தை நனைஞ்சு ஈரச் சாக்கு மாதிரி ஆயிடும். பாப்பா நடக்கப் போறா. லேசா இருக்கணும்." புதிதாக வந்திருந்த, கைக்குள் சுருட்டி அடக்கிவிடலாம் போல ஒரு மெலிந்த பட்டையை எடுத்தார்.

"என்ன இது, பாவாடை நாடா மாதிரி!"

"பாவாடை நாடாவை நம்பித்தானே மாமி நாம எல்லாரும் ரோட்டில நடக்கிறோம்?"

நித்யா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சியம்மாள் இரண்டு பேன்ட், ஒரு கம்பளிக் கோட்டு மாட்டி, அதன்மேல் பட்டையைத் தாமே கட்டிக் காட்டினார். "பூட்ஸுக்கு அடியில முள்ளு கட்டியிருக்கும். அதோட காலை நுழைக்க முடியாது. கால் வளையம் முழுசாத் திறக்கணும். ஒண்ணுக்கு வந்தாலும் கால் வளையத்தை மட்டும் விடணும், இடுப்பை அவிழ்க்கக் கூடாது. கயிறு இடுப்பிலதான் இருக்கு." குத்தவைத்து உட்கார்ந்தே காட்டினார். பிறகு உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கினார். அந்தப் புழுக்கத்தில் வேர்வை அவருக்குக் கொட்டியது. அடுத்து நித்யாவைத் தொங்கவிட்டு, "தொடை மரக்குதா? மூச்சு முட்டுதா?" என்று கேட்டுக் கேட்டு வாரை இழுத்துச் சரிசெய்தார். "பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல போடுங்க. வேற ஒண்ணும் வேண்டா, கேட்டீங்களா?" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் ஆத்துக்குள் அதோடு நுழைய எனக்கு மனசு வரவில்லை. கொல்லையிலேயே வைத்து, கிணற்றில் போட வாங்கியிருந்த ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவைத்தேன். மாடியில் உச்சி வெயிலில் உலர்த்தினேன். அவள் மாட்டித் தொங்கினதையா என் குழந்தை கட்டிக்கொள்வது? அன்றைக்கு என் புத்தி அவ்வளவுதான். வீட்டில் எது தீர்ந்தாலும் எழுதி வைக்கிறவள் நான். அன்று நோட்டில் "பவுடர் இரண்டு கரண்டி, கிணற்றுக்கு" என்று எழுதினேன்.

கிளம்பும் நாள் காலையில் எல்லோருடைய சாமானையும் அவர் மறுபடி பார்த்தார். எங்கள் பட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதென்ன மணம், மாமி?"

"சோப்பு."

"சோப்பா?"

"சோப்புதான்."

"சத்தியம் பறயணும் மாமி. சோப்புன்னா பாப்பா இதைக் கட்டிட்டுப் போகட்டும்" என்று பட்டையை நித்யாவிடம் நீட்டினார்.

நித்யா கட்டிக்கொள்ளத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெண் அந்தரத்தில் தொங்கப் போகிறாள். நானோ, இன்னொருத்தியின் வேர்வைக்கு முகம் சுளித்தவள் என்று வெளியே தெரிந்துவிடுமே என்று நிற்கிறேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவள் இடுப்பு வாரை இழுத்து இறுக்கினதைப் பார்த்த பிறகுதான், "ப்ளீச்சிங் பவுடர்" என்றேன்.

பேச்சியம்மாள் சத்தம் போடவில்லை. "என் வேர்வைக்கா மாமி இத்தனை பவுடரு?" என்று மட்டும் கேட்டார். பட்டையை அவிழ்த்து வாங்கி, கத்திரியால் இடுப்பிலும் இரண்டு கால் வளையத்திலும் வெட்டிப் போட்டார். "அழுக்கு நூலைத் தின்னாது. பவுடர் தின்னும். தின்னது வெளியே தெரியாது." பிறகு தமக்கென்று வைத்திருந்த லேசான பட்டையை, இடுப்பெலும்புக்கு மேலே ஏற்றி, நித்யாவுக்குக் கட்டிப் பார்த்துக் கொடுத்தனுப்பினார். பனிச்சரிவில் அவள் வழுக்கினபோது பிடித்து நிறுத்தியது அதுதான்.

புதுப் பட்டையை ஏன் வெட்டினாய் என்று செக்ரட்டரி வந்து கேட்டார். "கெட்டுப் போச்சு சாரே" என்றார் பேச்சியம்மாள். யார் கெடுத்தது என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. அன்று முதல் அவர் "கத்திரி". கடைசியில், ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுக்கும்போது ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தேன். "விடுங்க மாமி. பாப்பா இறங்கி வந்தாளா இல்லையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அனுதாபக் கூட்டத்துக்குப் போனேன். பூ, பேனர், ஆளுக்கு ஒரு கட்லெட். செக்ரட்டரி மைக்கில், "புத்தம் புது ஹார்னஸை வெட்டிப்போட்ட வெகுளி நம் பேச்சியம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். கோவிலில் நாமம் சொல்வதைத் தவிர நாலு பேர் நடுவில் நான் குரல் எழுப்பினதில்லை.

"வெகுளித்தனம் இல்லை சார். அதை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கெடுத்தது நான். அவர் வெட்டாமல் விட்டிருந்தால், என் பெண்ணுக்கும் நீங்கள் ஒரு ரோஜாப்பூ அனுப்பியிருப்பீர்கள்."

சிரிப்பு நின்றது. "சாரமில்ல, பரவாயில்ல மாமி, போனது போகட்டும். கட்லெட் ஆறிடும்" என்றார் அவர். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்து, "கிணற்றுக்கு" என்பதை அடித்து, "பேச்சியம்மாளின் வேர்வைக்கு" என்று எழுதினேன். நித்யா கட்டிப் போன பட்டையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. எங்கள் வீட்டில் வெயில் எட்டாத இடம் பூஜை அறை ஒன்றுதான். அங்கே ஸ்வாமி படங்களுக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்குகிறது. இன்றுவரை அதை நான் அலம்பவில்லை.