சோசியலில் போன வருஷம்

பெரிய டீச்சர் நடத்திய பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதலாம் என்று ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்குப் போனபோது, அப்படி ஒன்று இருந்ததற்கு அங்கே எந்த அடையாளமும் மிஞ்சவில்லை. பெண்பிள்ளைகளுக்கு மட்டுமான தமிழ் மீடியம் பள்ளி அது. ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு கொட்டகை, அவ்வளவுதான். இப்போது அந்த இடத்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. உள்ளே போய், நான் இங்கேதான் ஒன்பதாவது படித்தேன் என்று கத்தினேன். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். என் ஆராய்ச்சியின் முதல் நாள் அந்த லட்சணத்தில் முடிந்தது.

எழுதச் சொன்னதே டீச்சர்தான். எண்பதை நெருங்கிவிட்டார். திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் அதே ஊரில் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள் என்பதால், வாரம் ஒரு முறையாவது போய்ப் பார்ப்பேன்.

"பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது, கொடி ஏத்தினது எல்லாம் நீயே எழுதிக்கோம்மா. அந்த வருஷத்துப் பொண்ணுங்களை மட்டும் நேர்ல போய்ப் பாரு. என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, திட்டினதை அப்படியே வந்து சொல்லு" என்றார்.

அந்த வருஷம் என்று அவர் சொன்னால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. அப்போது நான் ஒன்பதாவது. பத்தாவது அக்காக்களுக்கு ஆந்திராவின் தமிழ்ப் பாடப்புத்தகங்கள் வந்து சேரவே இல்லை. இதோ வரும், அதோ வரும் என்று பார்த்த டீச்சர், பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய் தமிழ்நாட்டுப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். கணக்கு எந்த ஊரிலும் கணக்குதானே என்றார். கணக்கில் அவர் சொன்னது சரி. சோசியலில்தான் மாட்டிக்கொண்டோம். பரீட்சையில் ஆந்திரா படத்தைக் கொடுத்து நதிகளைக் குறிக்கச் சொன்னார்கள். காவிரியையும் வைகையையும் படித்துக்கொண்டு போன அக்காக்கள் அவற்றை எங்கே என்று குறிப்பார்கள்? வகுப்பே சோசியலில் போய்விட்டது. அந்தக் கோடையிலேயே ஒவ்வொருத்திக்கும் கல்யாணம் ஆயிற்று. அதோடு ஊரில் பள்ளியின் பெயர் கெட்டது, அடுத்த சில வருஷத்தில் கதவையும் மூடினார்கள்.

என் நைனா உடனே என்னைத் தெலுங்கு மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் இன்று கல்லூரியில் நிற்பதற்கு அதுதான் காரணம். டீச்சரின் பள்ளி எனக்குச் செய்த பெரிய உபகாரம், என்னை அதிலிருந்து எடுக்கவைத்ததுதான். இதை எந்த வரலாற்றில் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த அக்காக்களில் ஒருத்தியை நகரியிலேயே, பழைய பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிப் பிடித்தேன். வீட்டு முன்னறையில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வகுப்பில் முதல் மார்க் எடுத்தவர். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். என்னை அடையாளம் கண்டு, துன்னுட்டுதான் போகணும் என்று சோற்றுத் தட்டை வைத்துவிட்டார். நான் தயங்கித் தயங்கி அந்தப் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். அழுவார், இல்லாவிட்டால் டீச்சரை நாலு வார்த்தை கேட்பார் என்று பயந்தேன். அவர் சிரித்தார்.

"அத்த இன்னாத்துக்கும்மா இப்ப கெளர்ற? நான் பாஸானா மட்டும் இன்னா, காலேஜிக்கா அனுப்பியிருப்பாங்க? பரீட்சைக்கு முன்னாடியே தட்டு மாத்திட்டாங்க. ரிசல்ட்டு வந்த அன்னிக்கு நாங்க முகூர்த்தப் பொடவ எடுக்கப் போய்க்கினு இருந்தோம். யாரு பேப்பரைப் பார்த்தா?"

"அப்போ டீச்சர் மேல கோபம் இல்லையாக்கா?"

"அவங்க மேல இன்னா கோவம்? எங்க வூட்டுக்காரரு ஒன்பதாவது. நான் ஃபெயிலானதுல அவங்க வூட்ல சந்தோசம்தான். பொண்ணு பையனை விட அதிகமாப் படிச்சிடுச்சின்னு பேச்சு வராது பாரு."

பாலசமுத்திரத்தில் விவசாயம் பார்க்கும் இன்னொரு அக்காவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அவர் பிறந்தபோதே தாய்மாமனுக்கு என்று முடிவாகியிருந்தது. பத்தாவதில் உட்காரவைத்ததே, மாமன் பெங்களூர் வேலையிலிருந்து ஊர் திரும்பும்வரை பெண் சும்மா இருக்கக்கூடாது என்றுதானாம். ஸ்ரீ சிட்டி கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் அக்கா போனிலேயே முடித்துக்கொண்டார். பஸ் வந்துவிட்டது, நான் படித்த கதையை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்றார். யாருமே திட்டவில்லை. ஒருத்தியாவது திட்டமாட்டாளா என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

பாலசமுத்திரத்து அக்கா டீச்சருக்கென்று ஒரு பை வேர்க்கடலை கொடுத்தனுப்பினார். அதை மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் வழியாகத் திருப்பதி திரும்பும்போது, நல்ல சேதிதானே கொண்டுபோகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர் இத்தனை வருஷமாக மனதில் சுமந்துகொண்டிருந்த பாரத்தை இறக்கிவைக்கப் போகிறோம் என்று நினைத்தேன். படித்த முட்டாள் வேறு எப்படி நினைப்பாள்!

டீச்சர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேர்க்கடலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். தட்டு மாற்றியது, புடவை எடுக்கப் போனது, தாய்மாமன் எல்லாம் சொன்னேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை டீச்சர், அவர்கள் பாஸாகியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று முடித்தேன்.

"ஒருத்தி கூட மேல படிக்கணும்னு இருக்கலியா?"

"வீட்ல யாருக்கும் அந்த எண்ணமே இல்ல டீச்சர்."

"சரேலே" என்றார், சரி போகட்டும் என்பதுபோல. ஒரு கடலையை எடுத்து உடைத்தார், தின்னவில்லை. முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன். அது வெளிறிக்கொண்டே போனது.

"பாஸானாலும் அதே, ஃபெயிலானாலும் அதேன்னா, நான் எதுக்கும்மா அத்தனை வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கினு அழுதேன்?"

நீங்கள் இல்லாவிட்டால் நான் ஏது என்று சொல்லியிருக்கலாம். அது பொய் என்று அவருக்கும் தெரியும்.

டீச்சர் என் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா. இதெல்லாம் எழுதாத. அதுங்க நல்லாப் படிச்சிக்கினு இருந்துச்சிங்க. நான் தப்புப் புஸ்தகத்தை வச்சி நடத்தினேன், அதனாலதான் எல்லாம் கெட்டுதுன்னே எழுது."

சரி டீச்சர், அப்படியே எழுதுகிறேன் என்றேன்.