தவிட்டுச் சாக்குக்குத் தோற்ற மைக்

கச்சேரி பதிவு செய்கிற தொழிலில் காது கெடுவதற்கு முன்னால் மனசு கெட்டுவிடும். மேடை ஓரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடுத்தவன் என்ன மைக் வைத்திருக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்க்கிற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காரைக்குடியைச் சுற்றிக் கோயில் கோயிலாக அலைந்தேன். பதிந்ததை ஊர் உறங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டேன். எங்கே கெட்டது என்று தெரிவதற்குள் விடிந்துவிடும். தூக்கம் போனது, வயசும் கூடவே போனது. மிச்சம் ஒரே ஒரு பெருமை: நாதஸ்வர வித்வான் தங்கவேலு ஐயா இந்தப் பக்கம் எங்கே வாசித்தாலும் மைக் வைத்து வந்தது நான்தான். இந்தத் தை மாதம் கண்டரமாணிக்கத்தில் அவருடைய மணிவிழாக் கச்சேரி. அவர் பெயரில் முதல்முறையாக வெளியே வரப்போகிற பதிவு அது. அதை நான் செய்ய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அதற்குக் குறுக்கே வந்த ஆளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் என் மைக்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நகப்பூச்சு

முதலில் வாங்கியது ஒரு ஜோடி பென்சில் மைக். விலை குறைவு. முன்னால் வருகிற சத்தத்தைப் பிடிக்கும். முதுகுப் பக்கம் நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்ததால் எது இடது, எது வலது என்று ஒவ்வொரு கச்சேரியிலும் குழப்பம். என் மனைவி மீனாளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒன்றின் கழுத்தில் ஒரு பொட்டும் மற்றதில் இரண்டு பொட்டும் வைத்தேன். காயும்வரை ஊதிக்கொண்டும் இருந்தேன்.

அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மீனாள் சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கு எனக்குப் பொட்டு வைக்கச் சொன்னப்ப கை நடுங்குச்சு. மைக்குக்கு மட்டும் இம்புட்டு நிதானமா வைக்கிறீக!"

எட்டுத் திசையும் கேட்கும்

மதுரையில் ஒரு பதிவுக்கூடத்துக்கு எதற்கோ போனேன். அங்கே ஒருவர் பெரிய மைக் ஒன்றை வெல்வெட் பெட்டியிலிருந்து குழந்தையை எடுப்பது போல் எடுத்தார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. பென்சில் மைக்குகளை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது. ஜோடியைக் காரைக்குடியில் பழையது வாங்குகிற சவுண்ட் சர்வீஸ் கடையில் தள்ளிவிட்டு, சேமிப்பை வழித்துப் போட்டு, அதே பெரிய மைக்கில் இரண்டு வாங்கினேன். எட்டுத் திசையிலிருந்து வரும் சத்தமும் கேட்கும் என்று விற்றவர் சொன்னார். பொய் சொல்லவில்லை.

கோவிலூரில்தான் முதல் கச்சேரி. வீட்டுக்கு வந்து கேட்டேன். மண்டபத்துப் புறா சிறகடிக்கிறது. வரிசையில் நின்ற இரண்டு பேர் யாருடைய மருமகளையோ பற்றிப் பேசுகிறார்கள். மடப்பள்ளியில் யாரோ அண்டாவை இழுக்கிறார்கள். பதிந்ததை ஐயாவின் தவில்காரருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அருமைண்ணே. ஒண்ணு விடல. நடுநடுவுல நாங்க வாசிச்சதுகூட கேக்குது."

ஆச்சி வீட்டு விசேஷம்

காரைக்குடியில் ஒரு ஆச்சி வீட்டில் விசேஷம். பெரிய வீடு. வழவழப்பான சுவர், பளிங்கு போன்ற தரை. கை தட்டினால் மூன்று தரம் திரும்பி வரும். தங்கவேலு ஐயா வாசிக்கிறார், என்னைக் கூப்பிடவில்லை. இருந்தும் போனேன். பதிவு செய்ய வந்திருந்தவர் நாச்சியாபுரத்துத் தீவனக் கடைக்காரர் முருகேசன். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர். பகலில் புண்ணாக்கு நிறுத்துப் போடுவார், பொழுதுபோக்குக்குக் கச்சேரி பதிவு செய்வார். பொழுதுபோக்குக்கு!

மனிதர் கடையிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்குகளைத் தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொங்கவிட்டார். எதிரொலியைச் சாக்கு குடித்துவிடுமாம். ஆச்சி பதறிப்போய், "எங்க அப்பச்சி பர்மாவுலருந்து கப்பல்ல கொண்டாந்த தூணு தம்பி, அதுலயா தவிட்டுச் சாக்கு?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் நாலு வார்த்தை கேளுங்கள் ஆச்சி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கச்சேரி முடிந்தது. முருகேசன் கயிற்றை அவிழ்க்கப் போனார். ஆச்சி கையைக் காட்டித் தடுத்தார். "சாக்கு ரெண்டு நாளைக்கு இருக்கட்டும் தம்பி. இன்னிக்குத்தான் இந்த வீட்டுல ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்கு விளங்குது."

மாடில்லாதவன் வாங்கிய புண்ணாக்கு

அந்தப் பதிவு எப்படியோ என் போனுக்கும் வந்து சேர்ந்தது. குற்றம் கண்டுபிடிக்கவே நாலு தரம் கேட்டேன். ஒரு இடத்தில் ஒரு இருமல் இருந்தது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் கவனித்தால் அந்த இருமல்கூடத் தெளிவாக, இன்ன இடத்தில் உட்கார்ந்தவர் இருமினார் என்று விரல் நீட்டிச் சொல்லும்படி இருந்தது. சாக்கு மட்டும் இதைச் செய்யாது. ஆச்சி வீட்டில் அவர் மைக் மேல் போட்டிருந்த நுரைக் குல்லாயைக் கழற்றவே இல்லை; என்ன மைக் என்று தெரிந்தாக வேண்டும்.

நாச்சியாபுரத்துக்கு வண்டியை விட்டேன். கடையில் நாலு பேர் நின்றதால் கேட்க வாய் வரவில்லை. "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றார் முருகேசன். கடலைப் புண்ணாக்கு என்றேன். எத்தனை மாடு என்றார். ரெண்டு என்றேன். கறக்கிறதா, சினையா என்று அக்கறையாக விசாரித்தார். ஒன்று சினை என்று சொல்லிவிட்டு, மைக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், அரை மூட்டையோடு திரும்பினேன்.

மீனாள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தெருவை எட்டிப் பார்த்தாள். "மாடு பின்னால நடந்து வருதாக்கும்?"

பொட்டு

மணிவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஐயா எங்கள் இரண்டு பேரையும் கண்டரமாணிக்கத்து மண்டபத்துக்கு வரச் சொன்னார். "ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். ரெண்டு பேரும் பதியுங்க. எது யாருதுன்னு எனக்குச் சொல்ல வேணாம்." முருகேசன் தன் மைக்குகளைத் தவில் உயரத்துக்குக் கம்பியில் மாட்டி, காற்றுச் சத்தம் விழாமலிருக்க நுரைக் குல்லாய் போட்டுக் கழுத்துவரை மூடியிருந்தார். என்ன மைக் என்று அப்போதும் தெரியவில்லை. நான் என் வெல்வெட் பெட்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திறந்தேன்.

மறுநாள் காலையில் ஐயா இரண்டையும் கேட்டார். முதலாவதைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதைக் கேட்கையில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, முதலாவது என்னுடையது. "இதுல நான் மூச்சு எடுக்குறது தெரியுது. அதுல நான் பக்கத்து ஊர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றார். இத்தனை வருஷம் அவர் மூச்சைப் பதிந்தவன் நான். மணிவிழாப் பதிவு முருகேசனுக்குப் போயிற்று.

மண்டபத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு பேரும் சாமான்களைக் கட்டினோம். முருகேசன் நுரைக் குல்லாயைக் கழற்றினார். ஒன்றின் கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. மற்றதில் இரண்டு. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"காரைக்குடியில பழசா வாங்குனதுண்ணே. வச்சிருந்தவரு விவரமான ஆளு, இடது வலது தெரிய பொட்டெல்லாம் வச்சிருக்காரு பாருங்க. இம்புட்டு நல்ல சாமானை வித்திருக்காரே, பாவம், வீட்டுல என்ன கஷ்டமோ. ஆமா, அந்தச் சினை மாடு கன்னு போட்டிருச்சாண்ணே?"

மைக்கில் காற்றுச் சத்தத்தைக் குறைக்க ஒரு பொத்தான் உண்டு. வயிற்றெரிச்சலைக் குறைக்க ஒரு பொத்தான் வந்தால் சொல்லுங்கள், இந்தத் தடவை விலை குறைந்ததாகவே பார்த்து வாங்கி, யார் கேட்டாலும் விற்காமல் வைத்துக்கொள்கிறேன்.