பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்

வயல்களுக்கு மேலே உரம் தூவும் சின்ன விமானம் கிளம்புமுன் அதன் தொட்டியில் உர மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவது அவர் வேலை. ஆளும் மூட்டை மாதிரிதான். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் எல்லோருக்கும் அவர் மூட்டையண்ணன். பதினெட்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அன்று மழை ஓய்ந்து, மண் ஓடுபாதை சொதசொதவென்று கிடந்தது.

"தம்பி, இன்னிக்குப் பாதி லோடு போதும். சக்கரம் அமுங்குது பாரு."

"பயமா இருந்தா வீட்டுல போர்த்திட்டுப் படுங்கண்ணே. ஃபுல்லாக் கொட்டுங்க" என்று விமானி சிரித்தார்.

கொட்டினார்.

விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பாதை முடிகிற இடத்தில்தான் ஆளுயரம் எழும்பியது. உரத்தை ஒரேயடியாகக் கீழே தள்ளும் கைப்பிடியை விமானி இழுப்பதற்குள் சக்கரம் வாய்க்கால் கரையில் இடித்து, விமானம் கரணமடித்து மல்லாந்தது.

மூட்டையண்ணன் ஓடிவந்து பார்த்தபோது விமானி பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. விமானியின் கை பெல்ட்டின் கொக்கியைத் தேடித் தடவியது.

"கைய எடு!"

கழற்றினால் தலை நேராக இடிக்கும், கழுத்து முறியும். பளு எப்படி விழும் என்று மூட்டை இறக்குகிறவருக்குத் தெரியாதா? உடைந்த கதவு வழியாகப் பாதி உடம்பை நுழைத்து, விமானியின் தோளுக்கடியில் முதுகைக் கொடுத்தார்.

"இப்பக் கழட்டு. எம்மேல விழு."

"அண்ணே, தீப்பிடிச்சுட்டா? நீங்க போயிடுங்க."

"பிடிக்கிறதுக்குள்ள கழட்டுடா!"

எண்பது கிலோ அவர் மேல் சரிந்தது. அவருக்கு விலா எலும்பு இரண்டு போயிற்று. விமானிக்கு உதடு கிழிந்ததோடு சரி. தீப்பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்தபோது அவருக்கு அது தெரியாதே. வரப்பில் உட்கார்ந்து விமானி குலுங்கி அழுதார். 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தை அன்றும் மூட்டையண்ணன் வாயில் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மூன்று மாதத்தில் விமானிக்குப் பெண் பிறந்தாள். அப்பா என்று கூப்பிட அவளுக்கு ஒருவர் இருந்தார். பெரியப்பா என்று கூப்பிட இன்னொருவர். அப்பா பறக்கப் போன நாட்களில் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்து, குட்டி பெஞ்சில் இடுங்கி உட்கார்ந்து தூங்கிவிடுவார் பெரியப்பா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

போன வாரம் மருத்துவமனையில் பெரியப்பா கண்மூடியபோது அவளும் அப்பாவும் பக்கத்தில் இருந்தார்கள். நர்ஸ் படிவத்தை நீட்டினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவள் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார்.

"சரியாத்தாம்மா எழுதியிருக்க" என்றார்.