குணம் அண்ணைக்குப் பூட்ஸ் மாட்டிய கதை

ஊரில் ஒருவனைப் பிடிக்காவிட்டால், "அவன் காலைப் பிடிச்சுத்தான் உந்த வேலையை எடுத்தவன்" என்பார்கள். நான் வேலையை எடுத்த பிறகுதான் காலைப் பிடிக்கத் தொடங்கினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவில் ஒரு பனிச்சறுக்குக் கடையில், ஸ்னோபோட் என்ற பனிப்பலகை ஓடுகிறவர்களுக்கு அளவு பார்த்துக் கடினப் பூட்ஸ் மாட்டிவிடுவது என் தொழில். சப்பாத்துக்கடை, துணிக்கடை, வளையல்கடை எதிலாவது நின்று, "கொஞ்சம் இறுக்குதே" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்னோபோட்டில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி மெத்தென்ற பூட்ஸ் போட்டு, தொளதொளத்த காற்சட்டையோடு துள்ளிக் குதிக்கும். மற்றக் கட்சி பிளாஸ்ரிக் ஓடு போட்ட கடினப் பூட்ஸை மாட்டி, பலகையை விளிம்பில் சாய்த்து, கத்தியால் கீறியதுபோலப் பனியில் கோடு போட்டு வளைந்து வரும். எங்கள் முதலாளி கார்ல் இரண்டாம் கட்சி. அறுபது வயது மனிதர். அந்த நாட்களில் ஊர் முழுக்க மெத்தென்ற பூட்ஸின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கட்சியில் மிஞ்சியது கார்லும் சில வாடிக்கையாளர்களும், சம்பளம் வாங்கிய பாவத்துக்காக நானும்.

வளருகிற கால்

குணம் அண்ணை முதலில் வந்தது மகளுக்குப் பூட்ஸ் வாங்க. பிறம்ரனில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. வேலை ஜக்கெட்டோடேயே வந்திருந்தார். மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மலைக்குப் போய்ப் பழகி, கோடு போட்டு வளைகிற பைத்தியம் பிடித்த பிள்ளை.

கடினப் பூட்ஸுக்கு அளவு பார்ப்பது சுலபம். உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் முட்ட நிற்கவேண்டும். குதிக்காலுக்குப் பின்னால் என் விரல் ஒன்றரை போனால் சரி. அதற்குமேல் போனால் கால் உள்ளே நீந்தும், பலகை சொல்வழி கேட்காது. ஆரணிக்கு ஒன்றரை விரல் கச்சிதமாகப் போனது. குணம் அண்ணை குனிந்து, பிள்ளைகளின் சப்பாத்தில் இடம் இருக்கிறதா என்று எங்கள் தகப்பன்மார் எல்லோரும் அமத்திப் பார்ப்பதுபோல, பூட்ஸின் நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பிளாஸ்ரிக் அசையவில்லை. இரண்டு அளவு கூட்டித் தரச் சொன்னார். பதினேழு வயதில் கால் வளர்ந்து முடிந்திருக்கும் என்று நான் விளக்கினேன். ஆரணி கூரையைப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"பதினேழெல்லாம் ஒரு வயசே, பிள்ளை? நேற்றுத்தான் பிறந்தவள். இன்னும் வளருவாள்!"

மூன்று சோடி சொக்ஸ்

கடினப் பூட்ஸுக்குள் மெல்லிய சொக்ஸ் ஒரு சோடிதான் போடலாம். கூடப் போட்டால் கால் மரத்து, இன்னும் குளிரும். இதை நம் ஆட்களுக்கு நம்பவைப்பதைவிட மலையை நகர்த்தலாம். சென்னையிலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பி, அலுவலகத்து நண்பர்களோடு மலைக்குப் போகவென்று வந்தார். கழற்றக் கழற்ற உள்ளேயிருந்து சொக்ஸ் வந்துகொண்டிருந்தது. வெங்காயம் உரிப்பதுபோல நானும் உரித்தேன். கடைசி இரண்டைக் கழற்ற மனிதர் சம்மதிக்கவே இல்லை.

"மேடம், ஒண்ணு வொய்ஃப் போட்டுவிட்டது, இன்னொண்ணு மாமியார் பின்னிக் கொடுத்தது. எதைக் கழட்டினாலும் நான் வீட்டுக்குப் போக முடியாது."

கார்லின் தள்ளு

பலகையில் எந்தக் கால் முன்னுக்கு நிற்கவேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்கக் கார்லிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் இருந்தது. சத்தமில்லாமல் பின்னால் போய் முதுகில் ஒரு தள்ளு. விழாமல் இருக்க எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, அது முன்கால். யோசிக்க நேரம் கொடுத்தால் பொய் சொல்லிவிடுவார்களாம்.

ஒருநாள், மகனுக்குக் கையுறை வாங்க வந்து சும்மா நின்ற ஒரு அங்கிளையும் கார்ல் வாடிக்கையாளர் என்று நினைத்துத் தள்ளிவிட்டார். அங்கிள் நாலடி போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்தேன். அன்றோடு, நம் பெரியவர்களைத் தள்ளக்கூடாது, மரியாதையாகப் பலகையில் ஏறச் சொல்லித்தான் பார்க்கவேண்டும் என்று கார்லுக்குத் தடை போட்டேன். அங்கிள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கார்லைப் பார்த்து, தமிழிலேயே சொன்னார்.

"கடை பூட்டுற நேரமெண்டால் வாயால சொல்லலாம்தானே, நான் போயிருப்பன்."

தனியே வந்தவர்

அடுத்த மார்கழியில் குணம் அண்ணை தனியே வந்தார். கடையில் வேறு ஆட்கள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தனக்கு ஒரு சோடி பூட்ஸும் ஒரு பலகையும் வேண்டும் என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதன்முதலாகப் பழகுகிறவர் மெத்தென்ற பூட்ஸில் தொடங்குவது நல்லது என்று கார்ல் சொன்னார். மகள் போடுவதுதான் தனக்கும் வேண்டும் என்று குணம் அண்ணை பிடிவாதமாக நின்றார்.

கழற்றிய காலைப் பார்த்தேன். இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்துக்குள் வருசக்கணக்காக நின்ற கால். பெருவிரல் அடியில் எலும்பு புடைத்திருந்தது. நான் தொட்டதும் காலை உள்ளே இழுத்து, "பொம்பிளைப் பிள்ளை, காலைத் தொடாதையுங்கோ" என்றார். இதுதான் அண்ணை என்ர வேலை என்று சொல்லி, திரும்பவும் பிடித்தேன். எலும்பு முட்டும் இடத்தில் பிளாஸ்ரிக் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுத்தோம். பலகையில் ஏறச் சொன்னபோது வலது காலை முன்னே வைத்தார். பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பூட்டுகளை அப்படியே பூட்டினோம். பூட்ஸின் கடைசிப் பக்கிளை இறுக்கும்போதுதான் வாய் திறந்தார். ஆரணிக்கு நாட்டின் மற்றக் கரையில், வன்கூவரில் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. வருகிற புரட்டாதியில் போகிறாள். சனிக்கிழமைகளில் அவளை மலைக்கு ஏற்றிப்போய், அவள் இறங்கி வரும்வரை இவர் காருக்குள் இருக்கிறவர்.

"காரில ரெண்டு பேரும் றேடியோ கேக்கிறம், பிள்ளை. அவளோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது. போக முதல் இந்த ஒரு வின்ரராவது அவளோட மேல ஏறோணும்."

வலது கால்

ஒரு கிழமை கழித்து இருவரும் வந்தார்கள். பூட்ஸும் பலகையும் ஆரணியின் கையில் இருந்தன. திருப்பி எடுக்கச் சொன்னாள். அப்பாவுக்குப் பத்தடிகூடப் போக முடியவில்லை, குழந்தைகள் பழகும் சரிவிலேயே விழுந்துகொண்டிருந்தார், கடைசியில் பலகையைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்து இறங்கினார்கள். "கால் முறியப்போகுது அக்கா, ஐ கான்ற் வாச் திஸ்" என்றாள். கோபமாகத் தொடங்கியது, கண் கலங்கி முடிந்தது. குணம் அண்ணை சுவரில் தொங்கிய கையுறைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வின்ரர் போனால் இன்னொன்று அவருக்கு இல்லை.

கார்ல் மட்டும் அசையவில்லை. எப்படி ஏறினார் என்று காட்டச் சொன்னார். குணம் அண்ணை பயபக்தியோடு வலது காலை எடுத்து வைத்தார். அந்த முகத்தைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது. ஏன் அண்ணை வலது கால் என்று கேட்டேன். "புதுசா ஒண்டைத் தொடங்கேக்க வலது காலைத்தானே வைக்கிறது" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல. கோயில் வாசல், புதுவீடு, பிளேன் படி எல்லாவற்றுக்கும் வைத்த அதே கால்!

ஆரணியின் காதில் கார்லின் தள்ளு வைத்தியத்தைச் சொன்னேன். "அப்பாவையா?" என்றாள். பிறகு மெல்லப் பின்னால் போனாள். ஒரு கையால் தள்ளினாள், மற்றக் கையால் விழாமல் ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள். இடது கால் பாய்ந்து முன்னே போனது. கார்ல் மேசையில் அடித்துச் சிரித்தார். நான் பூட்டுகளைக் கழற்றி மாற்றிப் பூட்டினேன். ஆரணி ஜக்கெட்டை இன்னும் விடவில்லை.

"அப்பா, இற்ஸ் எ ஸ்னோபோட்! புதுவீட்டுக் குடிபூரல் இல்லை. இடது காலை வையுங்கோ!"

லிஃப்ற்

மாசி முடிவில் ஆரணி தனியே வந்தாள், பலகை விளிம்பைத் தீட்டித் தரச் சொல்லி. அப்பா எப்படி என்று கேட்டேன். இப்போது விழுவது குறைவு, ஆனால் அவர் இறங்கி முடிக்கிற நேரத்தில் அவள் தேத்தண்ணி குடித்துவிடலாம். போன சனி, பெருங்காற்றில், இருவரையும் மலைக்கு ஏற்றிய கம்பிக் கதிரை லிஃப்ற் பாதி வழியில் நின்றுவிட்டதாம். கீழே பள்ளம், மேலே கம்பி, இறங்கி ஓட வழியில்லை, றேடியோவும் இல்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, அப்பா, கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஐந்து பெடியள் சமைத்த கதையைத் தொடங்கினாராம். உப்புக்குப் பதிலாகச் சீனி போட்ட குழம்பை, சமைத்தவனின் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் வழித்துச் சாப்பிட்டார்களாம். சமைத்தவர் குணம் அண்ணைதான். அவள் சொல்லும்போதே சிரித்து, கண்ணைத் துடைத்தாள்.

"என்ர அப்பா பகிடி விடுவாரெண்டு எனக்குத் தெரியாது அக்கா. பதினெட்டு வருசமா ஒருதரும் சொல்லேல்லை."

பிறகு

புரட்டாதியில் ஆரணி போய்விட்டாள். முதல் பனி விழுந்ததும் குணம் அண்ணை பூட்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். விற்கத்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கதிரையில் இருந்து, தானாகவே காலை நீட்டி, எலும்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளித் தரச் சொன்னார். சனிக்கிழமைகளில் தனியே போகப்போகிறாராம். கிறிஸ்மஸுக்கு மகள் வரும்போது ஒரு முழு வளைவு விழாமல் போட்டுக் காட்டவேண்டுமாம். நான் ஓட்டைச் சூடாக்கத் தொடங்கினேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அப்போதுதான் கேட்டேன். நீட்டிய காலின் சொக்ஸை இழுத்துவிட்டார். பிறகு, யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"முந்தி அவள் வெளியில இருந்து அடிக்கேக்க நான் போன் எடுத்தால், 'அம்மாட்டைக் குடுங்கோ' எண்டு மட்டும்தான் சொல்லுவாள். இப்ப மனுசி எடுத்தால், 'அப்பாட்டைக் குடுங்கோ' எண்டுறாள், பிள்ளை."

ஆகவே சக கால்பிடிகளே, எங்கே இறுக்குகிறது என்பதை வாடிக்கையாளர் வாசலிலேயே சொல்லிவிடுவார், எதற்காக வந்தார் என்பதைக் கடைசிப் பக்கிள் பூட்டும்வரை சொல்லமாட்டார், அதுவரை நாங்கள் குனிந்துதான் இருக்கவேண்டும்.