வெளியே போட்ட நாற்காலி

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் தனி ஆலோசகர் அவள். பிள்ளையிடம் கேள்வி கேட்டால் பெற்றவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். "கொஞ்சம் வெளிய உக்காருங்க, பிள்ளை பேசட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

சொந்த மகள் விண்ணப்பிக்கும் முறை வந்ததும் வீட்டில் இருவரும் கீரியும் பாம்பும் ஆனார்கள். சலித்துப்போய், தன்னைவிட இளைய ஆலோசகர் ஒருத்தியிடம் மகளைக் கூட்டிப்போனாள்.

"உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும்மா?" என்று அந்தப் பெண் மகளைக் கேட்டாள்.

"அவளுக்குக் கட்டடக்கலைன்னா உசுரு. சின்ன வயசுலயே..." என்று இவள் ஆரம்பித்தாள். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வெளிய உக்கார்றீங்களா?"

இவள் எழுந்துபோய், வெளியே காலாடும் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் காத்திருந்த ஒரு அப்பா, "எங்க பொண்ணும் வாயே தொறக்க மாட்டாம்மா" என்று ஆறுதல் சொன்னார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், நிறுத்துகிற வழியாகவே இல்லை.