முந்திச் சொன்ன சாட்சி

பூட்டுக்காரர் தொழிலில் அவசரப்படாதவர். சாவி உள்ளே போய், திரும்பி, பூட்டு வாய்பிளந்த பிறகுதான் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து "திறந்துடுச்சு" என்பார். அதுவரை யார் கேட்டாலும் "பாப்போம்". அப்படிப்பட்ட மனிதர் கடவுள் விஷயத்தில் மட்டும் முந்திக்கொண்டார்.

அவருடைய மனைவி வாயாடி. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருமுனைவரை கேட்கும் அவள் குரலை வைத்தே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. கையை மட்டும் பிறகு திருப்பிக் கொடுத்தது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதாவது, அவரும் "பாப்போம்" என்றார்.

அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம். கேட்டது கைக்கு வரும்வரை காத்திருந்து நன்றி சொல்வது விசுவாசக் குறைவு. கிடைத்துவிட்டது என்றே எழுந்து சாட்சி சொல்லிவிட வேண்டும். வேலை இல்லாதவர்கள் வேலைக்காகவும், வரன் அமையாதவர்கள் மாப்பிள்ளைக்காகவும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிறு பூட்டுக்காரரும் எழுந்தார்.

"என் மனைவி பேசிட்டா. ஸ்தோத்திரம்!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியும் தட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் வினை ஆரம்பித்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. இயேசப்பான்னு சொல்லுங்க, பாப்போம்!"

கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். துருப்பிடித்த கதவைத் தள்ளுவதுபோல ஒரு சத்தம் வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று அவர்கள் துள்ளினார்கள். அவள் கண் கலங்கியது. அதையும் ஆனந்தக் கண்ணீரில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வாராவாரம் இதே பரீட்சை. சனிக்கிழமை வந்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுடைய தங்கை ஒருநாள் கடைக்கே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அத்தான், ஒரு பீரோ பூட்டுக்கே நாலு நாள் டயம் கேப்பீங்க. அக்கா வாய்க்கு மட்டும் அன்னிக்கே டெலிவரி குடுத்துட்டீங்களா?"

"விசுவாசத்துல சொன்னேம்மா."

"விசுவாசம் உங்களுக்கு, தொண்டை வலி அவளுக்கா? நீங்களே எழுந்து நின்னு இல்லன்னு சொல்லுங்க."

அவருக்கு விசுவாசம் போய்விடவில்லை. போயிருந்தால் இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு எழுந்தார். எழுந்தவர் நல்ல செய்திதான் சொல்வார் என்ற பழக்கத்தில் கீபோர்டுக்காரர் ஒரு குதூகலமான மெட்டை எடுத்தார்.

"அவ பேசல. நான்தான் முந்திட்டேன். தயவுசெஞ்சு அவள யாரும் பேசச் சொல்லாதீங்க."

மெட்டு நின்றது. போதகர் நல்லவர், அதுதான் கஷ்டம். மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அவர் தலையில் கைவைத்தார்.

"அண்ணனுக்குச் சோர்வு வந்திருக்கு. சந்தேகத்தோட ஆவி. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க!"

முதுகிலும் தோளிலும் கைகள் விழுந்தன. "ஐயா, சந்தேகமெல்லாம் இல்ல, அவ நெசமாவே..." என்று அவர் சொன்னது ஜெபச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. கைகளின் பாரம் தாங்காமல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், அந்த ஆவியிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டதென்று கைதட்டினார்கள். வாசலில் பெண்கள் மறுபடி அவளைச் சூழ்ந்தார்கள், முன்னைவிட அதிக அன்போடு.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஜெபம் அவர் பங்கு, ஆமென் அவள் பங்கு. பேச்சு போன பிறகும் அந்த இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஜெபித்து முடித்து, கண்ணை மூடியபடி கொஞ்சம் காத்திருப்பார், பிறகு சாப்பிடுவார்கள். அது அவளுக்குத் தான் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தார்.

அன்று அந்தக் காத்திருப்பின் பாதியில் கண்ணைத் திறந்துவிட்டார். எதிரே அவள் உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, வாசலில் செய்ததையே செய்துகொண்டிருந்தாள்.

"ஆமென்," என்று அவரே அவசரமாகச் சொன்னார்.

அவள் வாயை மூடினாள். அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். அது நிம்மதியா, இல்லை, கடைசியாக இருந்த ஒன்றையும் அவர் பிடுங்கிக்கொண்ட வருத்தமா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால், பதில் சொல்ல முயல்வாள்.