மூன்றாம் சுற்றில் மிஞ்சிய மூச்சு

எனக்குச் சும்மா இருக்க வராது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் வாய் ஆடத் தொடங்கிவிடும். முப்பத்தொரு வயதுவரை வீட்டில் இதை யாரும் பெரிய குற்றமாக எடுக்கவில்லை. காரணம், விடியற்காலை ஐந்து மணிக்கே நான் ஓடப் போய்விடுவேன்.

எங்கள் குத்துச்சண்டைக் கழகம் உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய களஞ்சியம் ஒன்றுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓடப் போகிறவர்கள் வாசல் குழாயில் ஒரு வாய் தண்ணீர் பிடிக்க வேண்டும். விழுங்கக்கூடாது, வழியில் துப்பக்கூடாது. கடற்கரை வீதியால் கோட்டை வாசல்வரை ஓடித் திரும்பி வந்து, அதே குழாயடியில் மாஸ்டர் பார்க்கத் துப்ப வேண்டும். துப்பத் தண்ணீர் இல்லாதவன் இன்னொரு முறை முழுத் தூரமும் ஓட வேண்டும். மூக்கால் மூச்சுவிட்டு ஓடிப் பழகினவன்தான் கடைசியான மூன்றாம் சுற்றில் நிற்பான் என்பது மாஸ்டரின் முடிவு. கோட்டைப் பக்கம் திரிகிற மான்கள் வீதியில் குறுக்கே வந்து நின்றால்கூட நாங்கள் சத்தம் போட முடியாது. கையை ஆட்டித்தான் விரட்டுவோம்.

மாஸ்டர் என்றதும் கிழவரை நினைக்க வேண்டாம். என்னைவிட ஐந்து வயதுதான் கூட. பகலில் பஸ் ஓட்டுவார், விடியவும் பின்னேரமும் எங்களை ஓட்டுவார். நான் துறைமுகத்தடியில் படகு இயந்திரம் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். பத்து வருடமாக அவரோடு இருந்தேன், பத்து வருடமும் அவரோடு வாதாடினேன்.

போன வருடம் என் வலது முழங்கால் வீங்கியது. மூன்று மாதம் ஓடவே கூடாது, நடக்கலாம், நீந்தலாம் என்றார் டாக்டர். அதே மூன்று மாதத்தில்தான் கொழும்புப் போட்டிக்கு ஆள் தெரிவு. என் எடையில் ஒருவருக்கு மட்டும் இடம். அதற்கு நின்ற மற்றவன் எங்கள் கழகத்துச் சாம்பல்தீவுக்காரன், மின்சார வேலை செய்கிறவன், என்னைவிட ஏழு வயது இளையவன். ஓட்டத்தில் அவனைப் பிடிக்கக் கழகத்தில் ஆளில்லை. இரண்டு முறை இந்த இடம் எனக்குக் கைக்கெட்டித் தவறிப்போனது. இந்த முறையும் விட்டால் இனிமேல் என் பெயரை யாரும் நினைக்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"ஓடாதவன் மூண்டாம் ரவுண்டில வாயைப் பிளப்பான். நான் எத்தினை பேரைப் பாத்தனான்," என்றார் மாஸ்டர்.

"மூச்சுக்கு ஓட்டந்தான் வேணுமெண்டு ஆர் சொன்னது மாஸ்டர்? சண்டையில மூண்டு நிமிசம் அடி, ஒரு நிமிசம் ஆறுறது. ஓட்டம் அப்பிடியே? ஒரே சீரா இழுபடுறது. ரெண்டும் வேற வேற மூச்சு."

"கதை நல்லாத்தான் இருக்கு."

"மூண்டாம் ரவுண்டில நிண்டு காட்டுறன். பேரை மட்டும் வெட்டாதேங்கோ."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். "சரி, காட்டு," என்றார்.

அன்றிலிருந்து குத்துப்பைதான் என் வீதி. மூன்று நிமிடம் விடாமல் அடி, அரை நிமிடம் ஆறு, திரும்ப அடி. கிழமையில் மூன்று பின்னேரம் கடலில் நீந்தினேன், அதுவும் விரைந்து நீந்தி, மிதந்து, திரும்ப விரைந்து. முதல் கிழமை வாந்தி வந்தது. இரண்டாம் மாதம் எட்டுச் சுற்று அடித்துவிட்டும் சாதாரணமாகக் கதைக்க முடிந்தது. நான் சொன்னது சரி. அது உடம்பிலேயே தெரிந்தது.

ஆனால் விடியற்காலை இருக்கிறதே, அதுதான் என்னைத் தின்றது. டாக்டர் நடக்கலாம் என்றுதான் சொன்னார். நான் போகவில்லை. ஓட்டம் தேவையில்லை என்று அவ்வளவு கதைத்துவிட்டு, மற்றவர்கள் ஓடுகிற வீதியில் நொண்டி நொண்டி நடப்பதா? எனக்கு அது பாதி தோற்ற மாதிரி. ஆகவே ஐந்து மணிக்கு எழும்பி, லிங்கநகரில் எங்கள் சின்ன வீட்டுக்குள் குசினிக்கும் முன்கதவுக்கும் நடந்தேன். யன்னலை ஏன் பூட்டியது, சம்பலுக்கு ஏன் உப்புக் காணாது, தேங்காயை இப்படியா துருவுவது என்று மனைவியைப் பிடுங்கியெடுத்தேன். கடையிலும் அப்படித்தான். இறக்கக்கண்டியிலிருந்து இயந்திரத்தோடு வந்த நல்ல மனிதர் ஒருவர், இரண்டாம் தரம் விலை கேட்டார் என்பதற்காக என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்.

என் மனைவி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். பொறுமைதான் அவளுடைய தொழில். அவளே ஒரு நாள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட நெஞ்சுக்கு ஓட்டம் தேவையில்லாமல் இருக்கலாம். எனக்குத் தேவை. நீங்கள் ஓடிப்போட்டு வந்தாத்தான் மனுசர் மாதிரிக் கதைப்பியள்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தெரிவுச் சண்டை ஒரு ஞாயிறு பின்னேரம், எங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே நடந்தது. அன்று விடியலிலிருந்தே நான் கொதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் சுற்றில் காட்ட வேண்டியதை முதல் மணியோடு காட்டிவிட அவசரம். சாம்பல்தீவுக்காரன் கையுறையைத் தொட்டுச் சிரித்ததும் எனக்கு ஏறிவிட்டது. பாய்ந்தேன். அவன் ஒதுங்கி, இடது கையால் மூக்கில் ஒன்று வைத்தான். இன்னும் பாய்ந்தேன், இன்னொன்று விழுந்தது. கண்மண் தெரியாமல் வீசினேன். தலையைக் குனிந்து முட்டுகிறேன் என்று நடுவர் எச்சரித்தார், அவரோடும் வாதாட வாயெடுத்தேன். இரண்டாம் சுற்றின் பாதியில்தான் எனக்கு நிதானம் வந்தது. அதற்குள் அவன் வேண்டிய புள்ளியெல்லாம் சேர்த்துவிட்டான்.

மூன்றாம் சுற்றில் நான் புதிதாக ஏறியவன் போல் நின்றேன். அவ்வளவு தூரம் ஓடுகிறவன்தான் வாயைப் பிளந்துகொண்டு கயிற்றில் சாய்ந்தான். அடித்தேன், நன்றாகவே அடித்தேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான். மணி அடித்தது. இன்னும் இரண்டு சுற்றுக்கு என்னிடம் மூச்சு இருந்தது. நடுவர் அவனுடைய கையைத்தான் தூக்கினார்.

மாஸ்டர் என் கையுறையைக் கழற்றிவிட்டார். "மூச்சு விசயத்தில நான் சொன்னது பிழை," என்றார். "ஓடாமலும் வருது. ஒத்துக்கொள்ளுறன்."

பத்து வருடமாக அவர் வாயால் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையை நிறுத்தவும் முடியவில்லை. முதல் சுற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன்.

அடுத்த நாளும் விடிய முன்பே விழித்துவிட்டேன். குசினிப் பக்கம் போகாமல் கழகத்துக்குப் போனேன். குழாயில் ஒரு வாய் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஓடாமல், நடந்தேன். கோட்டைக்குக் கிட்டப் போகும்போது, எனக்குப் பின்னால் புறப்பட்ட மற்றவர்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். கோட்டை வாசலில் திரும்பி வந்துகொண்டிருந்த சாம்பல்தீவுக்காரன் என்னைக் கண்டதும் நின்றான். வாயிலிருந்த தண்ணீரை வீதியோரம் துப்பினான்.

"அண்ணை, நேற்று இன்னும் அரை நிமிசம் இருந்திருந்தா நான் விழுந்திருப்பன். அந்த மூச்சை எப்பிடி எடுத்தனீங்கள்? எனக்கும் காட்டித் தருவியளே?"

என் இடத்தை எடுத்தது காணாதென்று மூச்சையும் கேட்கிறாயா? அப்படியே நாக்கு நுனிக்கு வந்தது. வாய் நிறையத் தண்ணீர். நான் பேசாமல் நடந்தேன். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போனான்.

கோட்டையிலிருந்து குழாயடிக்கு நடக்க என் காலுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. சொல்லாத அந்தச் சொல்லை வழி முழுக்கக் கொண்டுவந்தேன். கடற்கரையில் அது இன்னும் கூராக இருந்தது. கழகத்து வாசலில் தண்ணீரைத் துப்பிவிட்டு அந்தச் சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. வீட்டில் அந்த மூன்று மாதமும் என் வாயிலிருந்து மனைவி கேட்க நேர்ந்த ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது.

துப்பத் தண்ணீர் இல்லாமல் வந்த அவனை மற்றவர்கள் எல்லாரும் வந்து சேரும்வரை மாஸ்டர் நிறுத்திவைத்து ஏசியிருந்தார். இப்போதுதான் அவன் திரும்ப ஓடுவதற்குக் குழாயடியில் குனிந்து நின்றான்.

"பின்னேரம் வா தம்பி," என்றேன். "பையில மூண்டு நிமிசம் அடி, அரை நிமிசம் ஆறு. நான் நேரம் பாக்கிறன்."

அவன் நிமிர்ந்தான். வாய் நிறையத் தண்ணீர். சரியென்று தலையை ஆட்டிவிட்டு ஓடினான்.